திரும்பி வாருங்கள், கூரைக்கு வெளியே நில்லுங்கள்

லண்டனிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் சிறு உதைபந்தாட்டக் கழகங்களின் மைதானங்களுக்குப் போய்வரும் தமிழ் உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

2021 ஓகஸ்ட் கடைசி வாரம்



புதிய பருவம் தொடங்கிவிட்டது. எஃப்.ஏ. கிண்ணத்தின் முதற்கட்டத் தகுதிகாண் ஆட்டங்கள் இந்த மாத ஆரம்பத்திலேயே நடந்து முடிந்தன. ஜூலை 19இலிருந்து இங்கிலாந்தில் மைதானத்துக்குள் எத்தனை பேரை விடலாம் என்ற சட்ட வரம்பு கிடையாது. முகக்கவசம் கட்டாயமில்லை, இடைவெளி கட்டாயமில்லை, வாசலில் கைபேசியை நீட்டி கியூஆர் குறியீட்டைப் பதியும்படி சட்டம் கேட்பதுமில்லை. கொரோனா நோய் மட்டும் இன்னும் இங்கேதான் இருக்கிறது. தேசியப் புள்ளிவிபர அலுவலகத்தின் கணிப்பின்படி இந்த நாட்களில் இங்கிலாந்தில் எழுபது, எண்பது பேருக்கு ஒருவர் தொற்றோடு இருக்கிறார். முந்நூறு பேர் கூடும் ஒரு சனிக்கிழமை ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நோய் தெரிந்து வீட்டில் தங்கிவிடுபவர்களைக் கழித்தாலும், தெரியாமலே தொற்றைக் காவிக்கொண்டு இரண்டு மூன்று பேர் அந்த வாசலால் உள்ளே வருவார்கள் என்று வைத்துக்கொண்டுதான் நாம் யோசிக்க வேண்டும்.

அதனால் வராதீர்கள் என்று சொல்ல நான் இந்த மடலை எழுதவில்லை. வாருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். தென் லண்டனில் ஒரு சிறிய கழகத்தின் வாசலில் நின்று உதவிசெய்பவன் என்ற முறையில் நோய்க்காலம் தொடங்கியதிலிருந்து நான் பார்த்துவருவது ஒன்று உண்டு. கோட்டோரத்தில் காற்றிலும் தூறலிலும் நிற்கும் தொண்ணூறு நிமிடங்களைப் பற்றி நம் சனம் தேவைக்கு மேல் பயப்படுகிறது. இடைவேளையில் கழக மண்டபத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும் பதினைந்து நிமிடங்களைப் பற்றியும், நாலு பேராகக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காரில் போகும் ஒரு மணித்தியாலத்தைப் பற்றியும் பயப்படுவதே இல்லை. பயம் இடம் மாற வேண்டும். அது நடந்தால் மைதானத்துக்கு வருவது இந்த நோய்க்காலத்தில் நாம் குடும்பமாகச் செய்யக்கூடிய பாதுகாப்பான காரியங்களில் ஒன்றாக இருக்கும்.

முதலில், எதை இழந்தோம் என்று சொல்லவேண்டும். தொலைக்காட்சியில் மட்டும் பந்தாட்டம் பார்ப்பவர்களுக்கு அது தெரிந்திருக்காது. நோயால் நின்றிருந்த பிரீமியர் லீக் 2020 ஜூன் 17இல் வெற்று அரங்குகளில் மீண்டும் தொடங்கியது. தொலைக்காட்சிப் பணம் அதைத் தாங்கியது. நம் அயலில் உள்ள கழகங்களுக்கு அந்தப் பணம் வருவதில்லை. வாசலில் வாங்கும் எட்டுப் பவுண், பத்துப் பவுண், மண்டபத்தில் விற்கும் பியர், தேத்தண்ணி, பர்கர், அரைவாசிப் பணம் பரிசாகப் போகும் சீட்டுக் குலுக்கல், இவற்றில்தான் அவை உயிர்வாழ்கின்றன. 2020 மார்ச் 26இல் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் நொன்-லீக்கில், அதாவது தொழில்முறை லீக்குகளுக்குக் கீழே உள்ள அடுக்கில், மூன்றாம் படியிலிருந்து கீழே உள்ள லீக்குகளின் அந்தப் பருவத்தையே அழித்தது. ஜேர்சித் தீவின் ஜேர்சி புல்ஸ் கழகம் தன் முதலாவது பருவத்தில் ஆடிய 27 லீக் ஆட்டங்களிலும் வென்று, மேல் பிரிவுக்குப் போகும் தகுதியையும் பெற்றிருந்தது. அந்த 27 வெற்றிகளும் பதிவிலிருந்து நீங்கின.

அந்த ஓகஸ்டில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 22ஆம் திகதி முதல் சிறு மைதானங்களுக்குப் பார்வையாளர் வரலாம் என்று அரசு அனுமதித்தது. அந்தந்தப் படிக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொள்ளளவில் முதலில் 15 வீதம், பிறகு 30 வீதம். அதாவது மூன்றாம் படிக் கழகம் 600 பேரையும், நான்காம் படிக் கழகம் 400 பேரையும், ஐந்தாம் ஆறாம் படிகளில் உள்ளவை 300 பேரையும் விடலாம். ஓல்ட் ட்ரஃபோர்டும் அன்ஃபீல்டும் பூட்டிக் கிடந்தபோது, பூங்காவுக்குப் பக்கத்தில் நமக்குத் தெரிந்த சின்ன மைதானத்தின் கதவு திறந்திருந்தது. நாட்டில் மக்கள் நேரில் பந்தாட்டம் பார்த்த இடங்கள் பெரும்பாலும் அவைதான். இன்று நான் சொல்லப்போகும் பலவற்றைக் கழகங்கள் அந்த இரண்டரை மாதத்தில்தான் பழகிக்கொண்டன. நவம்பர் 5இல் வந்த இரண்டாவது முடக்கம் அதை நிறுத்தியது. 2021 பெப்ரவரி 24இல் அந்தப் பருவமும் பாதியில் முடிக்கப்பட்டது.

நாட்டின் முழு லீக் அடுக்கில் ஐந்தாம் மட்டமும் நொன்-லீக் படிகளில் முதலாவதுமான நாஷனல் லீக்குக்கு அந்தச் சலுகைகூடக் கிடைக்கவில்லை. அது உயர்தர விளையாட்டுப் பட்டியலில் இருந்தபடியால் பூட்டிய கதவுக்குள் ஆடவேண்டியிருந்தது. தேசிய லொத்தர் மூலம் மூன்று மாதங்களுக்கு ஒரு கோடிப் பவுண் கிடைத்தது. அதற்குப் பிறகு கடன் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். டோவர் அத்லெற்றிக் கழகம், கடன் வாங்கி ஆடமாட்டோம் என்று ஆட்டத்தையே நிறுத்திக்கொண்டது. அதற்காக 40,000 பவுண் அபராதமும் இந்தப் பருவத்தில் 12 புள்ளிக் குறைப்பும் கிடைத்தன. அந்தக் கழகம் எடுத்த முடிவைப் பற்றிப் பல கருத்துகள் உண்டு. பார்வையாளர் வாசலால் வராவிட்டால் இந்தக் கழகங்கள் எத்தனை மாதம் தாங்கும் என்பதை அது எல்லோருக்கும் காட்டிவிட்டது.

பணத்தைவிட எனக்கு வலித்தது கொன்செற் கழகத்தின் கதை. வடகிழக்கில் 1980இல் உருக்காலை மூடப்பட்ட ஊர் அது. சிறு கழகங்களுக்கான 2020 எஃப்.ஏ. வாஸ் கிண்ண இறுதியாட்டத்துக்குத் தகுதிபெற்று வெம்பிளி போக வேண்டியிருந்தது. எதிரணி ஹெபர்ன், அதே வட்டாரத்தில் கப்பல் கட்டிய ஊர். ஆட்டம் தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் 2021 மே 3 அன்று நடந்தது. ஹெபர்ன் 3-2 என்று வென்றது. இரண்டு ஊர்ச் சனத்திலும் ஒருவர்கூட அந்தப் பெரிய அரங்கில் இருக்கவில்லை. சிறு ஊர்க் கழகத்துக்கு வெம்பிளி ஒரு தலைமுறைக்கு ஒரு முறை வந்தாலே பெரிய காரியம்.

நமக்கு இதில் என்ன என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். யாழ்ப்பாணத்தின் பாசையூரிலும் நாவாந்துறையிலும் இளவாலையிலும் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை. கோட்டுக்கு ஓர் அடி தள்ளி நின்று, பந்து வெளியே வந்தால் காலால் நிறுத்திக் கொடுத்து, விளையாடுபவனின் தகப்பன் பெயரையும் தெரிந்து வைத்திருந்த சனம் நாம். அந்தப் பழக்கத்துக்கு லண்டனில் மிக நெருக்கமாக இருப்பது நொன்-லீக் மைதானம். 2018இல், ஃபிஃபாவில் இல்லாத அணிகளுக்கான கொனிஃபா உலகக் கிண்ணம் லண்டனில் நடந்தபோது தமிழீழ அணி ஆடியதும் இப்படிப்பட்ட மைதானங்களில்தான். இறுதியாட்டம் என்ஃபீல்ட் டவுன் கழகத்தின் மைதானத்தில் நடந்தது. அந்த வாரம் நம்மில் பலர் முதன்முறையாக இந்தச் சின்ன வாசல்களால் உள்ளே போனோம். நம் ஆட்கள் நிறைய வாழும் சட்டனின் கழகம் இந்த மே மாதம் நாஷனல் லீக்கை வென்று தொழில்முறை லீக்குக்குள் ஏறியிருக்கிறது. அந்த ஏற்றத்தின் பெரும்பகுதியை அதன் சனம் கணினித் திரையில்தான் பார்த்தது.

இனி ஆபத்தைப் பற்றி.

பந்தாட்டக் கூட்டத்தால் நோய் பரவும் என்ற பயம் வெறும் வதந்தி இல்லை. 2020 பெப்ரவரி 19இல் அத்தலான்டாவும் வலென்சியாவும் மிலானில் மோதின. பெர்கமோவிலிருந்து ஏறக்குறைய நாற்பதாயிரம் பேர் அங்கே போனார்கள். சில கிழமைகளில் பெர்கமோவின் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. மார்ச் 11இல் லிவர்பூல், அத்லெற்றிக்கோ மட்ரிட் ஆட்டத்துக்கு 52 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். மட்ரிட்டிலிருந்து மட்டும் மூவாயிரம் பேர், தங்கள் சொந்த நாட்டில் அரங்குகள் பூட்டப்பட்ட பிறகு. இவற்றைக் கேட்டவர்கள் மைதானம் என்றாலே நோய் என்று முடிவுகட்டியதில் வியப்பில்லை.

ஆனால் இந்தக் கோடையில் இன்னும் துல்லியமான கணக்கு ஒன்று வந்தது. ஜூன் 18இல் வெம்பிளியில் நடந்த இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து ஆட்டத்துக்காக ஸ்கொட்லாந்துச் சனம் ஆயிரக்கணக்கில் லண்டன் வந்தது. நுழைவுச்சீட்டு மிகச் சிலருக்குத்தான் இருந்தது. ஐரோப்பியக் கிண்ணத்தோடு தொடர்புள்ள நிகழ்வுகளுக்குப் போனவர்களில் 1,991 பேருக்குத் தொற்று என்று ஸ்கொட்லாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு ஜூன் 30இல் அறிவித்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் லண்டனுக்குப் பயணம் செய்தவர்கள். வெம்பிளி அரங்குக்கு உள்ளே இருந்தவர்களோ 397 பேர் மட்டும். மற்றவர்களில் பலர் பஸ்ஸிலும் ரயிலிலும் மணித்தியாலக்கணக்காக வந்து, மதுக்கடைகளிலும் அறைகளிலும் கூடி ஆட்டம் பார்த்தவர்கள். ஒவ்வொருவருக்கும் எங்கே தொற்றியது என்று இந்தக் கணக்கால் நிரூபிக்க முடியாது. பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிகிறது.

அதே கிண்ணத்தின் ஜூலை 11 வெம்பிளி இறுதியாட்டம் அதைவிடக் கடுமையான பாடம். உள்ளே வரத் தடுப்பூசிச் சான்று அல்லது நோயில்லை என்ற சோதனை முடிவு கேட்டார்கள். ஆனால் சீட்டில்லாதவர்கள் வாசலை உடைத்துக்கொண்டு புகுந்ததை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். இந்த மாதம் 20ஆம் திகதி அரசு வெளியிட்ட விபரத்தின்படி, அன்று அரங்கிலும் சுற்றுப்புறத்திலும் 2,295 பேர் தொற்றைப் பரப்பக்கூடிய நிலையில் இருந்திருக்கலாம், மேலும் 3,404 பேருக்கு அந்த நேரத்தை ஒட்டித் தொற்றியிருக்கலாம். அதே கோடையில் இரண்டு கிழமைகள் நடந்த விம்பிள்டன் டெனிஸுக்கு இந்தக் கணக்குச் சில நூறுகளோடு நின்றது. இரண்டும் திறந்தவெளி அரங்குகள். வாசலில் ஒழுங்கு இருந்ததா, கூட்டம் எப்படி வந்து எப்படிப் போனது, எங்கே கூடிக் குடித்தது, எவ்வளவு கத்தியது என்பவற்றில்தான் வித்தியாசம்.

ஏப்ரல், மே மாதங்களில் அரசு நடத்திய பரிசோதனை நிகழ்வுகளைச் சிலர் எனக்கு எதிர்வாதமாகக் காட்டுகிறார்கள். 58,000 பேர் வந்த நிகழ்வுகளில் 28 தொற்றுகள்தான் கண்டுபிடிக்கப்பட்டன, பிறகு ஏன் இவ்வளவு கவலை என்று. அந்த எண்ணை நான் நம்பித் தைரியம் கொள்ளமாட்டேன். நிகழ்வுக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டிய இரண்டு பிசிஆர் சோதனைகளையும் அனுப்பியவர்கள் 15 வீதம்தான். அப்போது நாட்டில் தொற்றும் மிகக் குறைவு. வேகமாகத் தொற்றும் டெல்டா வகை வைரஸ் இன்னும் நாடெங்கும் பரவியிருக்கவில்லை.

காற்றைப் பற்றி நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இந்த வைரஸ் மூச்சோடும் பேச்சோடும் வெளியே வரும் மிக நுண்ணிய துளிகளில் பயணிக்கிறது. சிகரெட் புகை போல அதை நினைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். வெளியே ஒருவர் புகைத்தால் பக்கத்தில் நிற்பவருக்கு மணக்கும், பத்தடி தள்ளி நிற்பவருக்கு மிகக் குறைவாகவே தெரியும். மூடிய மண்டபத்தில் ஒருவர் புகைத்தால் மூலையில் இருப்பவரின் உடுப்பும் மணக்கும். உலகெங்கும் வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மீளாய்வு, பதிவான தொற்றுகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே திறந்தவெளியில் நேர்ந்தவை என்றும், உள்ளிடத்தில் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 19 மடங்கு அதிகம் என்றும் சொன்னது. திறந்தவெளி என்றால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. கோல் விழுந்ததும் பக்கத்தில் நிற்பவரைக் கட்டிப்பிடித்து முகத்துக்கு நேரே கத்தினால் வெளியிலும் தொற்றும். கழகங்களுக்கு ஆட்டங்கள் திரும்பியபோது, முகத்துக்கு முகம் பார்த்துக் கத்தவேண்டாம் என்று உதைபந்தாட்டச் சங்கம் கேட்டுக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

கோட்டோரத்தைச் சுற்றி முந்நூறு பேர் பரவி நின்றால் ஆளுக்கு ஒரு மீற்றருக்குச் சற்று மேல் இடம் கிடைக்கும், வீட்டார் சேர்ந்து நின்றால் வீட்டுக்கு வீடு இடைவெளி இன்னும் கூடும். சிறு மைதானத்தின் பெரிய வரம் இது. கோலுக்குப் பின்னால், மூலைக்கொடிக்குப் பக்கத்தில், ஆட்டக்காரர் இருக்கைகளுக்கு எதிர்ப்பக்கம் என்று எங்கும் நிற்கலாம். நீங்கள் வீட்டாரோடு வந்தால் வீட்டாரோடு நில்லுங்கள். இடைவேளையில் இரண்டு அணிச் சனமும் பக்கம் மாறும் பழக்கம் இங்கே உண்டு, தங்கள் அணி தாக்கும் கோலுக்குப் பின்னால் போய் நிற்பதற்காக. அந்தச் சில நிமிடம் ஒரு ஒடுங்கிய பாதையில் எல்லோரும் முட்டிக்கொள்வார்கள். மைதானத்தின் ஒரு பக்கத்தால் ஓர் அணியும் மற்றப் பக்கத்தால் மற்ற அணியும் போகட்டும் என்று ஒரு பலகை எழுதி வைத்தால் போதும்.

மைதானத்தில் என் முழுக் கவலையும் மண்டபத்தைப் பற்றியதுதான். தாழ்ந்த கூரை, கம்பளம், ஒரே ஒரு கதவு, சுவரில் பழைய அணிகளின் படங்கள், தொலைக்காட்சியில் பிரீமியர் லீக் முடிவுகள். இடைவேளை விசில் ஊதியதும் நூறு பேர் அதற்குள் போவார்கள். மழை பெய்தால் இருநூறு பேர். தொலைக்காட்சிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமென்று எல்லோரும் உரத்துப் பேசுவார்கள். நோய் பரவ இதைவிட நல்ல இடம் மைதானத்தில் வேறு கிடையாது. ஆனால் மண்டபத்தைப் பூட்டச் சொல்லவும் எனக்கு மனமில்லை, பல கழகங்களில் நுழைவுப் பணத்தைவிட மதுக்கூட வருமானம்தான் பெரிது.

வழி இருக்கிறது. இங்கிலாந்தில் மேல் ஐந்து மட்டங்களின் ஆட்டங்களில் ஆடுகளம் தெரியும் இடத்தில் நின்று மது அருந்த 1985ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. அதற்குக் கீழே இந்தத் தடை இல்லை. நம் கழகங்களில் பியர் குவளையை வெளியே எடுத்துப் போய்க் கோட்டோரத்தில் நின்று குடிக்கலாம். அப்படியென்றால் மதுக்கூடத்தின் யன்னலைத் திறந்து, விற்பனையை அந்த யன்னலால் செய்யலாம். சனம் வெளியே வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போகும். தேத்தண்ணிக் கடைக்கு ஏற்கெனவே அப்படித்தான் யன்னல் இருக்கிறது. 2020 இலையுதிர்காலத்தில் இதைச் செய்த கழகங்களுக்கு விற்பனை குறையவில்லை என்று நான் நின்ற இடங்களில் சொன்னார்கள். மழைக்கு, பக்கங்கள் திறந்த ஒரு கூடாரம் போதும். நாலு பக்கமும் பிளாஸ்ரிக் திரையை இறக்கிவிட்டால் அது இன்னொரு மண்டபம் ஆகிவிடும், அதை மட்டும் செய்யாதீர்கள்.

மண்டபத்துக்குள் கட்டாயம் ஆட்கள் இருக்கவேண்டுமென்றால் இரண்டு எதிரெதிர்க் கதவுகளையும் யன்னல்களையும் ஆட்டம் முழுவதும் திறந்து வையுங்கள், குளிர்ந்தாலும். மூச்சில் வெளியேறும் காபனீரொக்சைட்டு எவ்வளவு தேங்குகிறது என்று காட்டும் ஓர் அளவி வாங்கிச் சுவரில் மாட்டுங்கள், அது பெரிய விலையில்லை. வெளிக்காற்றில் அந்த எண் பத்து இலட்சத்துக்கு 420 பங்கு (ppm) அளவில் இருக்கும். 800க்குக் கீழே இருந்தால் காற்று நன்றாக மாறுகிறது. 1,500ஐத் தாண்டினால் காற்றோட்டம் மோசம் என்று அரசின் அறிவியல் ஆலோசகர்கள் சொல்கிறார்கள். அந்த எண் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தால், வெளியே போங்கள் என்று தொண்டர் ஒருவர் வாய்விட்டுச் சொல்லவேண்டிய சங்கடம் குறையும். கழிவறை வரிசையும் வெளியே நிற்கட்டும். உள்ளே முகக்கவசம் போடுங்கள், சட்டம் கேட்காவிட்டாலும் நான் கேட்கிறேன்.

காரை மறக்காதீர்கள். வெளியூர் ஆட்டத்துக்கு நாலு வீட்டைச் சேர்ந்த நாலு பேர் ஒரே காரில் போவது நம் பழக்கம். பெற்றோல் செலவும் மிச்சம், பேச்சுத்துணையும் கிடைக்கும். அந்த ஒரு மணித்தியாலத்தின் ஆபத்து, நீங்கள் கோட்டோரத்தில் சந்திக்கும் ஆபத்தைவிடப் பெரியது. முடிந்தவரை ஒரு வீட்டார் ஒரு காரில் போங்கள். முடியாதபோது பின்பக்கக் கண்ணாடிகளைச் சற்று இறக்கிவைத்து, முகக்கவசத்தோடு போங்கள்.

இவ்வளவு கவனம் எதற்கு, இரண்டு ஊசி போட்டாயிற்றே என்று இளைஞர்கள் கேட்கிறீர்கள். நாட்டில் வயதுவந்தோரில் முக்கால்வாசிப் பேர் இந்த மாதம் இரண்டு ஊசியும் பெற்றுவிட்டார்கள், அது பெரிய காரியம். ஊசி போட்டவர் மருத்துவமனைக்குப் போகும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் டெல்டா வைரஸ், ஊசி போட்டவருக்கும் தொற்றுகிறது, அவரிடமிருந்து பிறருக்கும் போகிறது. நம் வீடுகளை யோசியுங்கள் தம்பிமாரே. மூன்று தலைமுறை ஒரே கூரைக்குக் கீழே, ஒரே குளியலறையோடு வாழும் வீடுகள் நம்மிடையே எத்தனை. தெற்காசிய வம்சாவளியினர் இந்த நோயால் இறக்கும் ஆபத்து வெள்ளையரைவிட அதிகம் என்று அரசின் கணக்குகள் காட்டின. நீரிழிவு, நெருக்கமான வீடு, வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலை என்று காரணங்கள் பல. முடக்க காலம் முழுவதும் பெற்றோல் நிலையத்திலும் கடையிலும் பஸ்ஸிலும் முதியோர் இல்லத்திலும் நின்று வேலை செய்தவர்கள் நம் ஆட்கள். அந்த மாதங்களில் செத்த வீடுகளுக்குக்கூடப் போகமுடியாமல் சூமில் பார்த்து அழுதோம். இன்றைக்கும் இலங்கை முடக்கத்தில் இருக்கிறது, ஊரிலிருந்து ஒவ்வொரு இரவும் செய்தி வருகிறது. உங்கள் அம்மம்மாவின் ஊசி எவ்வளவு பாதுகாப்பைத் தரும் என்பதை இடைவேளை மண்டபத்தில் வைத்துப் பரிசோதிக்க வேண்டாம்.

16, 17 வயதுப் பிள்ளைகளுக்கு இந்த மாதம்தான் முதல் ஊசி கிடைக்கத் தொடங்கியது. அதற்குக் கீழே பெரும்பாலான பிள்ளைகளுக்கு இன்னும் இல்லை. ஞாயிறு காலைப் பிள்ளைகளின் ஆட்டத்தில் கோட்டோரம் நிற்கும் பெற்றோரே, உங்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். அடுத்த வாரம் பள்ளிகள் திறக்கின்றன. பள்ளி, அணி, வீடு என்று தொற்றுச் சுற்றும் பாதை நமக்குத் தெரிந்ததுதான்.

கழகத் தொண்டர்களைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். வாசலில் பணம் வாங்குபவர், புல் வெட்டுபவர், தேத்தண்ணி ஊற்றுபவர், ஆட்ட மலர் விற்பவர், செயலாளர், இவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற முதியவர்கள். சம்பளம் வாங்காமல் ஒவ்வொரு சனிக்கிழமையும் இருநூறு முந்நூறு பேருக்கு முகம் கொடுப்பவர்கள். 2020இல் அவர்கள்தான் இரவிரவாக உட்கார்ந்து ஆபத்து மதிப்பீட்டுப் படிவங்களை நிரப்பினார்கள், கைகழுவும் திரவம் வாங்கி வைத்தார்கள், நிலத்தில் கோடு போட்டார்கள். அவர்களில் ஒருவர் மண்டபம் நிறைந்துவிட்டது, வெளியே நில்லுங்கள் என்று சொன்னால் வாக்குவாதம் செய்யாதீர்கள். சட்டம் எடுபட்டுவிட்டதே என்று அவருக்குப் பாடம் சொல்லாதீர்கள். கையில் காசு கொடுப்பதைவிட அட்டையைத் தொட்டுக் கட்டினால் அவர் முன் நீங்கள் நிற்கும் நேரமும் குறையும். நம் இளைஞர்களில் சிலர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒளிரும் மஞ்சள் சட்டையைப் போட்டு வாசலில் நிற்க முன்வந்தால், அந்த முதியவர் ஒருவர் பின்னால் காற்றோட்டமான இடத்தில் கதிரை போட்டு உட்காரலாம். கழகத்துக்கு நாம் யாரென்றும் தெரியவரும்.

நம் பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் கோடையில் நடத்தும் சுற்றுப்போட்டிகளும் மீண்டும் தொடங்குகின்றன. அமைப்பாளர்களே, நொன்-லீக் கழகங்களைவிட நமக்கு ஒரு சிக்கல் கூட. நம் போட்டிகள் நாள் முழுவதும் நடக்கும், சாப்பாடு இருக்கும், எல்லோரும் எல்லோருக்கும் சொந்தக்காரர். கொத்துரொட்டிக் கூடாரத்தின் பக்கங்களைத் திறந்து வையுங்கள். சாப்பாட்டு வரிசை இரண்டு இருந்தால் நல்லது. பரிசளிப்பை மண்டபத்துக்குள் கொண்டுபோகாமல் புற்றரையிலேயே நடத்துங்கள், பிரதம விருந்தினரின் பேச்சைச் சுருக்கச் சொல்லுங்கள். ஆடை மாற்றும் அறைக்குள் ஒரு நேரத்தில் ஓர் அணி மட்டும். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்தால் சனம் கத்திப் பேசாது.

வரும் ஒக்ரோபர் 9ஆம் திகதி நொன்-லீக் நாள். சர்வதேச ஆட்டங்களுக்காகப் பிரீமியர் லீக் ஓய்வெடுக்கும் சனிக்கிழமையில், அயலில் உள்ள கழகத்துக்குப் போங்கள் என்று 2010 முதல் கேட்டுவருகிறார்கள். ஆர்சனலையும் செல்சியையும் தொலைக்காட்சியில் பார்க்கும் நம் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அன்று அந்த அணிகளின் ஆட்டம் இல்லை. அன்றைக்குப் போங்கள். காலையில் வீட்டில் எல்லோரும் விரைவுச் சோதனை செய்து பாருங்கள். மருந்துக்கடையில் ஏழு குச்சிகள் கொண்ட பெட்டி இலவசமாகக் கிடைக்கிறது, விடை அரை மணித்தியாலத்தில் தெரியும்.

தொற்றைக் காட்டும் இரண்டு கோடு வந்தால் வீட்டில் நில்லுங்கள். ஆனால் கழகத்தை மறந்துவிடாதீர்கள். இந்த ஜனவரியில் எட்டாம் மட்டக் கழகமான மெரீன், எஃப்.ஏ. கிண்ணத்தில் டொட்டன்ஹாமைத் தன் சின்ன மைதானத்துக்கு வரவழைத்தது. பார்வையாளருக்கு அனுமதியில்லை. சுற்றியிருந்த வீட்டுக்காரர் தங்கள் தோட்டத்து மதிலுக்கு மேலால் பார்த்தார்கள். கழகம் பத்துப் பவுணுக்கு ஒரு கற்பனை நுழைவுச்சீட்டு விற்றது. அதை வைத்து எந்த வாசலாலும் போகமுடியாது என்று தெரிந்தே முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாங்கினார்கள், அவர்களில் டொட்டன்ஹாம் ரசிகர்களும் நிறையப் பேர். ஆட்டத்தில் மெரீன் 5-0 என்று தோற்றது. அந்தச் சீட்டுப் பணம் கழகத்துக்குப் பெரிதும் கைகொடுத்தது. அதேபோல, வரமுடியாத சனிக்கிழமையில் உங்கள் கழகத்தின் இணையத்தளத்தில் ஒரு சீட்டு வாங்குங்கள், இல்லையென்றால் செயலாளருக்கு எழுதிக் கணக்கு இலக்கத்தைக் கேளுங்கள். பத்து நாள் தனிமை முடிந்ததும் அதற்கடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம் இருக்கும்.

அன்புடன்,
வாசலில் நிற்கும் உங்களில் ஒருவன்